அவையறிதலும் அவையஞ்சாமையும்: ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவலில் எதிர்பார்ப்பும் தன்னம்பிக்கையும்

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் அமைச்சியலின் நிறைவாக அமைந்தவை அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்கள். முன்னது 72ஆம் அதிகாரம். பின்னது 73ஆம் அதிகாரம். இவ்வரிசை பொருள் பொதிந்தது. கூடியிருப்போர் யாவர், அவர்களது இயல்பு யாது, அவர்கள் முன் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாது விடலாம் என்று அறிவது முதற்படி. அஞ்சாது நின்று பேசுவது அடுத்த படி. இக்காலத் தன்னம்பிக்கை நூல்கள் பெரும்பாலும் முதற்படியை விட்டு இரண்டாம் படியில் தொடங்குகின்றன. அச்சத்தைப் பேசுவோனின் உள்ளக் குறையாக மட்டும் கண்டு, அவனைத் திருத்த முற்படுகின்றன. அவையின் பங்கு ஆராயப்படுவதில்லை.

ஒருவரிடம் பிறர் கொள்ளும் எதிர்பார்ப்பு, அவர் தம்மைக் குறித்துக் கொள்ளும் மதிப்பு, அவரது செயற்பாடு ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள தொடர்பை நுட்பமாகச் சித்திரிக்கும் புனைகதைகளுள் ஒன்று ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ (1994). 1965இல் கொழும்பில், தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த செல்வதுரை, 1983 இனவன்முறைக்குப் பின் குடும்பத்தோடு கனடாவுக்குப் புலம்பெயர்ந்தார். ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஆறு கதைகளால் ஆன நாவலாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நூல், கனடாவில் முதல் நாவலுக்கான பரிசையும், அமெரிக்காவின் லாம்டா இலக்கியப் பரிசையும் பெற்றது. தன்பால் ஈர்ப்பு, இனமுரண்பாடு, புலப்பெயர்வு ஆகிய கோணங்களிலேயே நாவல் பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அக்கோணங்களை மறுக்காமல், அவையின் முன் நிற்கும் சிறுவனின் கதையாக அதனை வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது. எதிர்பார்ப்பு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைவிட, அது யாருடைய நன்மைக்காக முன்வைக்கப்படுகிறது என்பதே செயற்பாட்டைத் தீர்மானிக்கிறது என்பதும், அதனை அறிந்துகொள்வதே உண்மையான தன்னம்பிக்கையின் தொடக்கம் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

எதிர்பார்ப்புப் பற்றிய கருத்துகள்

எதிர்பார்ப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் என்னும் கருத்தை 1948இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கினார். தவறான ஒரு கணிப்பை மக்கள் உண்மையென நம்பி நடந்துகொள்வதால், இறுதியில் அது உண்மையாகிவிடுகிறது என்பது அதன் சாரம். 1968இல் ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் இதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். சில மாணவர்கள் விரைவில் மலர்ச்சி பெறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. அம்மாணவர்கள் எவ்விதத் தகுதி அடிப்படையுமின்றித் தெரிவுசெய்யப்பட்டவர்கள். எனினும் கீழ்வகுப்புகளில் அவர்களுடைய அறிவுத்திறன் மதிப்பெண்கள் ஏனையோரைவிட உயர்ந்தன. 1977இல் ஆல்பர்ட் பண்டூரா, ஒரு செயலைத் தம்மால் செய்ய முடியும் என்னும் நம்பிக்கையே முயற்சியையும் விடாப்பிடியையும் தீர்மானிக்கிறது என்றார். 1995இல் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும், தம் இனத்தைப் பற்றிய இழிவான கருத்து நினைவூட்டப்படும் சூழலில் கறுப்பின மாணவர்களின் தேர்வுச் செயற்பாடு குன்றுவதாகக் காட்டினர். இவ்வாய்வுகளுட் சிலவற்றின் விளைவுகள் எவ்வளவு வலுவானவை என்பது குறித்துப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. ஆயினும் அவற்றின் மையக் கருத்து கல்வி உலகில் நிலைபெற்றுவிட்டது.

இவற்றைப் பொதுவாக நோக்கினால் ஓர் எளிய சமன்பாடு கிடைக்கிறது: உயர்ந்த எதிர்பார்ப்பு வளர்க்கும், தாழ்ந்த எதிர்பார்ப்பு குன்றச் செய்யும். ‘ஃபனி போய்’ இச்சமன்பாட்டின் இரண்டாம் பகுதியை உறுதிப்படுத்துகிறது, முதற்பகுதியைக் கேள்விக்குள்ளாக்குகிறது. அந்நாவல் இலக்கியமாக நிற்பதோடு, சிந்தனைக்குப் புதியதொன்றைத் தருவதும் அவ்விடத்திலேயே.

ஒரே சிறுவன், இரு களங்கள்

நாவலின் முதற்கதையில், பாட்டன் பாட்டி வீட்டில் பிள்ளைகள் ஒன்றுகூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு களங்கள் உருவாகின்றன. வீட்டின் முன்புறமும் அப்பாலுள்ள வெளியும் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களுக்குரியவை. கொல்லைப்புறம் சிறுமியருக்குரியது. அர்ஜி கொல்லைப்புறத்தைச் சேர்ந்தவன். அங்கு நடக்கும் கல்யாண விளையாட்டில் அவனே மணமகள். அவனே ஆட்டத்தின் தலைவனும்கூட. சடங்குகளைக் கற்பனையால் விரிப்பதிலும் பாத்திரங்களைப் பங்கிடுவதிலும் அவனுக்கு இணையில்லை. அங்கு அவனிடம் தயக்கம் என்பதே இல்லை.

அதே சிறுவன் கிரிக்கெட் களத்துக்கு அனுப்பப்படும்போது திறனற்றவனாகிறான். எந்த அணியும் அவனை விரும்புவதில்லை. உடலும் அறிவும் மாறவில்லை; களமும் காண்போரும் மாறினர். திறமை என்பது ஒருவரிடம் நிலையாகத் தங்கியிருக்கும் உடைமையன்று, அவருக்கும் அவரைக் காண்போருக்கும் இடையே உருவாகும் உறவு என்பதை நாவலாசிரியர் விளக்கவுரை எதுவுமின்றி இவ்விரு களங்களின் வழியாகவே உணர்த்திவிடுகிறார். சிறுவர்களோடு சேர்ந்து ஆடும் மீனா என்னும் சிறுமியைப் பெரியவர்கள் எவரும் தடுப்பதில்லை என்பதும் இங்கு கருதத்தக்கது. எல்லை மீறுதல் தன்னளவில் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. எத்திசையில் மீறுகிறார் என்பதைப் பொறுத்தே தீர்ப்பு அமைகிறது.

இரு களங்களுக்கும் நடுவே மூன்றாவது இடமொன்று உண்டு. அது பெரியவர்கள் அமர்ந்திருக்கும் வரவேற்பறை. சேலையுடுத்திய அர்ஜி அங்கே இழுத்துவரப்படுகிறான், பெரியவர்கள் சிரிக்கிறார்கள். நாவலின் தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல் அச்சிரிப்பிலிருந்தே பிறக்கிறது. அச்சொல்லுக்கு வேடிக்கையானது என்றும், இயல்புக்கு மாறானது என்றும் இரு பொருள்கள் உண்டு. எப்பொருளில் தன்னை அழைக்கிறார்கள் என்று அர்ஜிக்கு விளங்கவில்லை. ஆனால் தன்னால் தந்தைக்கு அவமானம் நேர்ந்துவிட்டது என்பது விளங்குகிறது. கொல்லைப்புறத்தில் தன்னைக் குறித்து அவன் கொண்டிருந்த மதிப்பு, வரவேற்பறையில் சில நொடிகளில் தலைகீழாகிறது. தான் ஏன் சிறுமியரோடு விளையாடக்கூடாது என்று அவன் கேட்கும்போது தாயால் காரணம் சொல்ல முடிவதில்லை. பன்றிகள் பறப்பதில்லை என்னும் பொருளுடைய கதைத் தலைப்பு அந்தக் காரணமின்மையையே குறிக்கிறது. எதிர்பார்ப்பு தன் காரணத்தைச் சொல்லாதபோது, கேட்பவர் குறையைத் தம்மிடமே தேடத் தொடங்குகிறார்.

இக்கதையிலேயே பிற்பகுதிக்கான வித்து ஒன்றும் ஊன்றப்படுகிறது. மட்டை பிடிக்கும் முறை குறித்து எழும் சண்டையைப் பயன்படுத்தி அர்ஜி கிரிக்கெட் களத்தைவிட்டு வெளியேறுகிறான். தோல்வியும் ஒரு கருவியாகலாம் என்பதை அவன் முதன்முதலில் உணரும் இடம் அது.

நகை, அச்சம், பெருமிதம்

ஐந்தாம் கதையில் அர்ஜி விக்டோரியா அக்கடமிக்கு மாற்றப்படுகிறான். அங்கு சென்றால் மகன் ஆண்மகனாவான் என்பது தந்தையின் எதிர்பார்ப்பு. மாணவர்களால் ‘பிளாக் டை’ எனப் பட்டப்பெயர் சூட்டப்பட்ட அதிபர், பிரம்பினால் ஆள்பவர். பள்ளியைச் சிங்கள பௌத்த நிறுவனமாக்க முனையும் லொக்குபண்டார ஒருபுறமும், பழைய பிரித்தானிய மரபில் பல இனத்தாருக்கும் இடமளிக்கும் பள்ளியாக அதனைக் காக்க முனையும் அதிபர் மறுபுறமுமாக ஓர் அதிகாரப் போட்டி நடக்கிறது. பரிசளிப்பு விழாவில் அர்ஜி ஹென்றி நியூபோல்ட்டின் இரண்டு கவிதைகளை ஒப்புவிக்க வேண்டும். அக்கவிதைகளை அடிப்படையாகக் கொண்டு அதிபர் உரையாற்றி, செல்வாக்குள்ளோரின் ஆதரவைப் பெற எண்ணியிருக்கிறார்.

அர்ஜியின் மீது வைக்கப்பட்டது தாழ்ந்த எதிர்பார்ப்பன்று. பள்ளி முழுவதிலிருந்தும் அவன் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறான். அதிபரின் எதிர்காலமே அவனது குரலில் தங்கியிருக்கிறது. எளிய சமன்பாட்டின்படி அவன் ஒளிர்ந்திருக்க வேண்டும். மாறாக, மனப்பாடம் செய்த வரிகள் அதிபரின் முன் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன. அடி விழுகிறது, அடுத்த முறை அச்சம் மேலும் கூடுகிறது. அவன் நேசிக்கும் ஷெஹான் அதே அதிபரால் தொடர்ந்து தண்டிக்கப்படுகிறான். உயர்ந்த எதிர்பார்ப்பும் அச்சுறுத்தலும் ஒரே கையிலிருந்து வரும்போது, முன்னது பின்னதன் மற்றொரு வடிவமாகிவிடுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்குக் கூறும் நான்கு நிலைக்களன்கள் இங்கு துணைபுரிகின்றன. தெய்வம் முதலான அணங்கு, கொடுவிலங்கு, கள்வர் ஆகிய மூன்றோடு நான்காவதாகத் தம்மை ஆளும் இறை வைக்கப்பட்டுள்ளது. பாதுகாக்க வேண்டியவரே அச்சத்தின் ஊற்றாகலாம் என்பதை அவ்வரிசை ஏற்றுக்கொள்கிறது. பிளாக் டை அந்நான்காம் வகை. நகைக்குக் கூறப்படும் நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். வரவேற்பறையில் அர்ஜி எதிர்கொண்டது அதுவே. பெருமிதத்துக்குரியவை கல்வி, தறுகண், புகழ், கொடை. எள்ளலுக்கு ஆளான சிறுவன் அச்சத்தைக் கடந்து பெருமிதத்தை எவ்வாறு எய்துகிறான் என்பதே நாவலின் உள்ளோட்டம் எனலாம்.

அவன் ஒப்புவிக்க வேண்டிய கவிதைகளின் பொருளும் தற்செயலானதன்று. ‘வைடை லம்படா’ பள்ளிக் கிரிக்கெட் களத்தில் தொடங்கிப் போர்க்களத்துக்குச் செல்வது. ஆட்டத்தில் கற்ற ஒழுங்கே போரிலும் காக்கும் என்று போற்றுவது. மற்றையது பள்ளி வாழ்வின் இனிமையைப் புகழ்வது. முதற்கதையில் எக்களத்தில் அவன் திறனற்றவனாகக் காணப்பட்டானோ, அக்களத்தையே புகழ்ந்து பாடுமாறு ஐந்தாம் கதையில் பணிக்கப்படுகிறான். பிரம்படி படும் பள்ளியை இனிய பள்ளியென்று சொல்லுமாறும் பணிக்கப்படுகிறான். அவனது நாவின் தடுமாற்றத்தை நினைவாற்றல் குறைவென்று கொள்வதற்கில்லை. தான் நம்பாததைத் தன் குரலில் சொல்ல மறுக்கும் உள்ளத்தின் எதிர்ப்பும் அதில் கலந்திருக்கிறது.

விழா நாளில் அர்ஜி மேடையேறி, இரு கவிதைகளின் வரிகளையும் வேண்டுமென்றே குழப்பி ஒப்புவிக்கிறான். அக்கவிதைகளின் சிறப்பைப் போற்ற எழுதப்பட்ட அதிபரின் உரை அடித்தளத்தை இழக்கிறது. அவையோர் கண்டது ஒரு மாணவனின் தோல்வியை மட்டுமே. அதிபரின் அறையில் நிகழ்ந்த தோல்வியும் மேடையில் நிகழ்ந்த தோல்வியும் வெளித்தோற்றத்தில் ஒன்று. இரண்டிலும் வரிகள் பிறழ்ந்தன. முதலாவதில் அச்சம் அவனை ஆண்டது. இரண்டாவதில் அவன் அச்சத்தை ஆண்டான். செயற்பாட்டை மட்டும் அளக்கும் எந்தத் தேர்வும் இவ்வேறுபாட்டைக் காட்டாது. மேடையில் அர்ஜிக்குத் துணிவைத் தந்தது மேலும் செய்த பயிற்சியன்று. இந்த அவை எதற்காகக் கூட்டப்பட்டது, தன் குரல் யாருக்குப் பயன்படப்போகிறது என்று அவன் கண்டுகொண்டதே அத்துணிவின் ஊற்று. குறளின் வரிசை இங்கு மெய்யாகிறது.

தன்னம்பிக்கையின் எல்லைகள்

இவ்வெற்றியை நாவல் எளிதாகக் கொண்டாடுவதில்லை என்பது அதன் நேர்மைக்குச் சான்று. ஆசிரியரான சுந்தரலிங்கம், அதிபரின் வீழ்ச்சி பள்ளியிலுள்ள தமிழ் மாணவர்களுக்கு என்ன பொருள்படும் என்பதை அர்ஜிக்கு உணர்த்தியிருக்கிறார். அதிபர் வீழ்ந்தால் எழப்போகிறவர் லொக்குபண்டார. ஷெஹானுக்காகவும் தனக்காகவும் அர்ஜி செய்த செயல், தன் இனத்தாருக்குத் தீங்காகலாம். தனியொருவரின் தன்மதிப்பும் சமூகத்தின் பாதுகாப்பும் எதிரெதிராக நிற்கும் இச்சிக்கலை நாவல் எழுப்புகிறது; ஆனால் அதன் முழு விளைவையும் பின்தொடரவில்லை. அடுத்த கதையில் 1983 யூலை வன்முறை எல்லாவற்றையும் அடித்துச் செல்கிறது. வரலாறு குறுக்கிட்டதால் அர்ஜி தன் செயலுக்கு விடைசொல்ல வேண்டிய நிலையிலிருந்து தப்பிவிடுகிறான். இதனை நாவலின் அமைப்பில் உள்ள ஒரு குறையாகவே கொள்ள வேண்டும்.

நான்காம் கதையின் ஜெகன் மற்றோர் எல்லையைக் காட்டுகிறான். காந்தியம் அமைப்பில் பணியாற்றிய அவன், அர்ஜியின் தந்தையிடம் வேலைக்குச் சேர்ந்து விரைவில் திறமையை நிறுவுகிறான். அவனிடம் தன்மதிப்பும் உண்டு. மேலாளரின் நல்லெதிர்பார்ப்பும் உண்டு. ஆயினும் புலி என்னும் ஐயம் அவன்மீது படிந்ததும் அத்தனையும் பயனற்றுப்போகின்றன. அவனை மதித்த தந்தையே இறுதியில் அவனைக் கைவிடுகிறார். தன்னை நம்பினால் எதையும் வெல்லலாம் என்னும் இக்காலப் போதனைக்கு ஜெகனின் கதை மறுப்பாக நிற்கிறது. அவை முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிட்ட இடத்தில், பேசுவோனின் அஞ்சாமை மட்டும் போதாது.

வர்க்கத்தின் பங்கும் மறக்கத்தக்கதன்று. மேடையில் நின்று ஆங்கிலக் கவிதையைக் குழப்புவதற்கும் அம்மொழியில் தேர்ச்சி வேண்டும். அர்ஜியின் எதிர்ப்பு, கொழும்பின் வசதியுள்ள குடும்பம் அவனுக்கு அளித்த மொழிச் செல்வத்தின் மீது நிற்பது.

ரொறன்ரோவின் அவை

நாவல் கனடாவுக்கான புறப்பாட்டோடு முடிகிறது. புறப்பட்டவர்கள் வந்துசேர்ந்த இடத்தை, பசித்த பேய்கள் எனப் பொருள்படும் ‘த ஹங்றி கோஸ்ற்ஸ்’ (2013) நாவலில் செல்வதுரை எழுதினார். அதன் நாயகன் சிவன் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் குடியேறுகிறான். கொழும்பில் பாட்டியின் செல்லப் பேரன், அவருடைய சொத்துகளுக்கு உரியவனாக எண்ணப்பட்டவன். இங்கே எவராலும் காணப்படாதவன். கொழும்புக்குத் திரும்பும்போது பாட்டியின் எதிர்பார்ப்பு அவனுக்கு மீண்டும் ஓர் உருவத்தைத் தருகிறது. ஆனால் அவ்வன்பு அவனைத் தன் உடைமையாகக் கருதுவது. அவன் நேசித்த மிலியின் மரணத்தில் அது முடிகிறது. எதிர்பார்ப்பு அன்பிலிருந்து வந்தாலும், அதில் எதிர்பார்க்கப்படுபவரின் விருப்பத்துக்கு இடமில்லையெனில் அழிவே விளையும் என்று இந்நாவல் கூறுகிறது. பிளாக் டையின் பிரம்பும் பாட்டியின் பாசமும் இவ்வகையில் ஒரே பாதையில் சந்திக்கின்றன.

ரொறன்ரோத் தமிழ்ச் சமூகத்துக்கு இவ்வாசிப்பு நெருக்கமானதாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அர்ஜி தமிழ் அறியாத தமிழன். எதிர்காலம் சிங்களத்திலேயே உள்ளதென்று கருதிய தந்தை, அவனைச் சிங்கள வழியில் கற்கவைத்தார். விக்டோரியா அக்கடமியில் சிங்கள மாணவன் ஒருவன் அவனைத் தமிழ் வகுப்புக்குப் போகுமாறு விரட்டுகிறான். அங்கு போனாலும் அவனுக்கு எதுவும் விளங்காது. ஒருபுறம் தமிழன் என்று ஒதுக்கப்படுகிறான். மறுபுறம் தமிழுக்குள் நுழைய வழியில்லை.

2020இல் தீபா மேத்தா இந்நாவலைத் திரைப்படமாக்கியபோது, நூலில் செவிக்கு எட்டாதிருந்த தமிழ் திரையில் ஒலிக்க நேர்ந்தது. முதன்மைப் பாத்திரங்களில் தமிழரல்லாதோர் நடித்ததும், பேசப்பட்ட தமிழின் உச்சரிப்பும் கனடாத் தமிழரிடையே கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தன. தம் வரலாற்றைச் சொல்லும் படத்தில் தம் மொழி பிழையின்றி ஒலிக்க வேண்டும் என்னும் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. வாய்ப்பும் வளமும் உள்ள ஒரு படைப்புக் குழுவிடம் அக்கோரிக்கையை வைப்பது அவையறிந்த செயலுமாகும்.

அதே அளவுகோலை ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் நாவின்மீது வைக்கும்போது நிலைமை வேறுபடுகிறது. ரொறன்ரோவின் தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் நடத்தும் குறள் மனனப் போட்டிகளும் பேச்சுப் போட்டிகளும் மொழியைக் காக்கும் அரும்பணிகள். எனினும் அம்மேடைகளில் நிற்கும் பிள்ளை பலவேளைகளில் ஒரு போட்டிக்காக மட்டும் பேசுவதில்லை. பெற்றோர் இழந்த ஊர், கைவிட்டுப்போகும் என்று அஞ்சப்படும் மொழி, ஒரு தலைமுறையின் மானம் ஆகியவற்றின் சுமை அதன் குரலில் ஏற்றப்படுகிறது. ழகரம் பிறழும்போது முன்வரிசையில் எழும் சிறு சிரிப்பு, அர்ஜி வரவேற்பறையில் கேட்ட சிரிப்போடு உறவுடையது. அதற்குப் பின் அப்பிள்ளை தன் தமிழ் சரியில்லை என்று முடிவுசெய்து வாயை மூடிக்கொள்கிறது. பேசாததால் தமிழ் மேலும் தேய்கிறது. தேய்ந்ததைக் கண்டு பெரியோர் தம் ஐயம் மெய்யாயிற்று என்கின்றனர். மெர்ட்டன் கூறிய சுழற்சி இதுவே.

இச்சுழற்சியை உடைக்க எதிர்பார்ப்பைத் தாழ்த்துவது வழியன்று. பிள்ளையால் முடியாது என்று எண்ணிக் கைவிடுவதும் ஓர் இகழ்ச்சியே. அப்பிள்ளை எதை, யாருக்காக, ஏன் சொல்கிறது என்பது அதற்கே விளங்குமாறு செய்வதும், தன் சொற்களில் பிழையோடும் பேச இடமளிப்பதும் அவையின் கடமைகள்.

முடிவுரை

‘ஃபனி போய்’ நாவலில் ஒரே சிறுவன் கொல்லைப்புறத்தில் தலைவனாகவும், கிரிக்கெட் களத்தில் வேண்டாதவனாகவும், அதிபரின் அறையில் நாக்குழறுபவனாகவும், மேடையில் துணிந்தவனாகவும் காணப்படுகிறான். இந்நான்கு நிலைகளிலும் மாறியது அவனது திறமையன்று. அவனைக் கண்டோரும், அவர்களை அவன் கண்டுகொண்ட விதமுமே மாறின. உயர்ந்த எதிர்பார்ப்பு எப்போதும் வளர்க்கும் என்னும் நம்பிக்கையை இந்நாவல் திருத்துகிறது. தன்னம்பிக்கை மட்டுமே போதும் என்னும் நம்பிக்கையையும் ஜெகனின் வாயிலாகத் திருத்துகிறது. அவையறிதலை அவையஞ்சாமைக்கு முன்வைத்த தமிழ் மரபு, பேசுவோன் அவையை அறிய வேண்டும் என்றது. புலம்பெயர்ந்த சூழல் அதனோடு மற்றொன்றையும் கோருகிறது: தன் முன் நிற்பவர் யார், அவர் எவ்வளவு தொலைவு கடந்து அந்த மேடைக்கு வந்திருக்கிறார் என்பதை அவையும் அறிந்திருக்க வேண்டும்.